கணினியிற் பொதி கட்டுதல்

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் வீதியிற் கோப்பாயைக் கடந்ததும் வருவது நீர்வேலி. செம்மண்ணும் கிணற்று நீரும் கூடி வாழையை வளர்க்கும் ஊர் அது. தோட்டத்திலிருந்து குலைகளை வெளியூருக்கு அனுப்புகின்றவர் அவற்றை ஏற்றும்போது ஒருமுறை எண்ணுவார்; இறக்குகின்றவர் அங்கே மறுமுறை எண்ணுவார். இரண்டு எண்ணிக்கையும் ஒத்திருந்தாற்றான் கணக்குத் தீரும். ஏற்றுதல், எண்ணுதல், இறக்குதல் என்னும் இம்மூன்று தொழில்களே இப்பேச்சுக்கு உரிய பொருளும் ஆகும். ஆனால் இங்கே ஏற்றப்படுவது வாழைக்குலை அன்று; எழுத்து.

நீர்வேலிக்கு எழுத்தோடு உள்ள உறவு பழையது. 19ஆம் நூற்றாண்டிலே தமிழிலும் வடமொழியிலும் வல்லவராய் விளங்கிய சங்கர பண்டிதரும், அவர் மைந்தர் சிவப்பிரகாச பண்டிதரும் இவ்வூரினர். அவர்கள் காலத்தில் ஏடும் அச்சும் அருகருகே வழங்கின. ஓலைச் சுவடி என்பது தனித்தனி ஏடுகளைத் துளையிட்டு, கயிறு கோத்து, இருபுறமும் சட்டம் வைத்துக் கட்டிய ஒரு பொதியே. கயிறு அறுந்தாலும் ஏடுகளை மீண்டும் முறைப்படுத்த உதவுவது ஓரத்தில் எழுதப்பட்ட ஏட்டெண். அந்த எண் இல்லாத சுவடி கட்டுக்குலைந்தால், அதனை ஒழுங்குசெய்யப் புலவர் ஒருவர் வரவேண்டியிருக்கும்.

யாழ்ப்பாணத்தார் பொதியின் அருமையைப் புத்தகத்திலிருந்து கற்றவர்கள் அல்லர். 1981ஆம் ஆண்டு மே 31ஆந் திகதி இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையானது. ஏறத்தாழ 97,000 நூல்கள் அதனோடு அழிந்தன. அவற்றுள் வேறெங்கும் பிரதி இல்லாதவை பல. 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் ஏறக்குறைய முழுவதுமாக இடம்பெயர்ந்தனர். கையில் எடுக்கக்கூடியதை எடுத்தார்கள். ஏனையவை வீட்டிலேயே நின்றன. உறுதி, பிறப்புச் சான்றிதழ், பாடசாலைச் சான்றிதழ் ஆகியவற்றை ஒரு பையிலிட்டு வாசலருகே வைத்துக்கொள்ளும் பழக்கம் அக்காலத்திலே பல வீடுகளில் இருந்தது. பழைய ஆண்டறிக்கைக்கும் கோயில் மலருக்கும் கூட்டக் குறிப்பேட்டுக்கும் அந்தப் பையில் இடம் இருக்கவில்லை.

அவ்விழப்பின் பின்னே எழுந்த முயற்சிகளுள் பெரியது, 2005ஆம் ஆண்டிலே தன்னார்வலர்களால் தொடங்கப்பட்ட ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகம். ஈழத்து நூல்களையும் இதழ்களையும் வருடிப் படமாக்கி, எவரும் எங்கிருந்தும் படிக்கும்படி இணையத்தில் வைக்கும் பணி அது. அப்பணியைக் கண்டு ஊர்தோறும் சிறு நிலையங்களும் தம்மிடமுள்ளதைப் படமாக்கத் துணிகின்றன. வருடுவதற்குக் கருவி கிடைக்கிறது. கற்பிக்க ஆள் கிடைக்கிறார். வருடியபின் அந்தப் படங்களை என் செய்வது என்னும் கேள்விக்குத்தான் பலரிடம் விடை இல்லை.

நீர்வேலியிலுள்ள சனசமூக நிலையம் ஒன்றின் வாசிகசாலை இவ்வாறு 40 நூல்களையும் மலர்களையும் படமாக்கியது எனக் கொள்க. நூலுக்குச் சராசரி 150 பக்கம். ஆகவே கணினியிற் சேர்ந்தவை 6,000 படக் கோப்புகள். இவற்றை வேறொரு வன்தட்டுக்கு ஒவ்வொன்றாய்ப் பெயர்த்தால் நேரமும் செல்லும். நடுவே மின்சாரம் நின்றால் எவை போயின, எவை நின்றன என்பதும் தெரியாது. 6,000 கோப்புகளுள் 7 விடுபட்டால் அதனைக் கண்ணாற் கண்டுபிடிப்பது அரிது. அனைத்தையும் ஒரே கோப்பாகக் கட்டிவிட்டால், நகர்த்த வேண்டியது ஒன்றே. வந்ததா, வரவில்லையா என்று கேட்க வேண்டியதும் ஒன்றையே. இவ்வாறு பல கோப்புகளை ஒன்றாக்கிய கோப்பையே இங்கு ‘பொதி’ என்கிறோம்.

பொதி கட்டும் கருவிகளுள் மூத்த குடும்பத்தைச் சேர்ந்தது ‘டார்’ என்னும் கட்டளை. அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் 1969ஆம் ஆண்டிலே பிறந்த யூனிக்ஸ் இயங்குதளத்தின் ஏழாம் பதிப்போடு, 1979இல், அது வெளிவந்தது. காந்த நாடாவிற் சேமிக்கும் பொதி என்னும் பொருளுடைய ஆங்கிலத் தொடரின் சுருக்கமே அப்பெயர். அக்காலத்திற் கணினியின் சேமிப்பு, பாட்டுக்கேட்கும் நாடாவைப் போன்ற ஆனால் அகலமான நாடாக்களிற் செய்யப்பட்டது. நாடாவிலே ஒன்றன்பின் ஒன்றாகவே எழுதவும் படிக்கவும் கூடும். நடுவிலே பாய்ந்து செல்வது எளிதன்று. நாடா பெரும்பாலும் வழக்கொழிந்துவிட்டது. ஆனால் டார் இன்றும் நாடாவுக்கென வகுத்த அந்த ஒழுங்கிலேயே எழுதுகிறது. இன்று லினக்ஸ், மக் கணினிகளில் அது இயல்பாகவே உள்ளது. 2018ஆம் ஆண்டு தொடக்கம் விண்டோஸ் 10 இலும் சேர்க்கப்பட்டுள்ளது. நாற்பது ஆண்டுக்கு மேலாக ஒரே பொதியமைப்பு வழங்குவது கணினி உலகில் அருமை. ஏடு காப்பவர்க்கு இது சிறிய நன்மை அன்று. இன்று கட்டிய பொதியை அவிழ்க்கும் கருவி பேரர் காலத்திலும் இருக்குமா என்னும் ஐயத்துக்கு, பழைமையே ஓரளவு விடையாகிறது.

பொதியின் உள்ளமைப்பு மிக எளியது. பொதி முழுவதும் 512 பைட்டு கொண்ட கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். பைட்டு என்பது கணினி ஓர் ஆங்கில எழுத்தை வைக்கும் அளவுள்ள இடம். ஒவ்வொரு கோப்புக்கும் முன்னால் ஒரு தலைக்கட்டம் உண்டு. அதில் முதல் 100 பைட்டு கோப்பின் பெயருக்கு. அடுத்து யார் படிக்கலாம், யார் மாற்றலாம் என்னும் உரிமைக்குறிப்பு, உடையவரின் எண், கோப்பின் நீளம், கடைசியாக மாற்றிய நேரம், ஒரு சரிபார்ப்புத் தொகை என்பன வரிசையாக வரும். நேரம் 1970 சனவரி 1ஆந் திகதியிலிருந்து கழிந்த வினாடிகளாக எழுதப்படும். நீளம், பத்தின் அடியிலன்றி எட்டின் அடியிலே, 11 இலக்கமாக எழுதப்படும். ஆதலால் பழைய அமைப்பில் தனிக்கோப்பு ஒன்று 8,589,934,592 பைட்டை எட்ட முடியாது. எழுத்துப் படங்களுக்கு அந்த எல்லை போதும். நீண்ட ஒளிப்பதிவு எடுப்பவர்க்கே அது முட்டும். பின்வந்த விரிவுகள் அதனையும் நீக்கிவிட்டன.

தலைக்கட்டத்தின் பின் கோப்பின் உள்ளடக்கம் எவ்வித மாற்றமுமின்றி அப்படியே வரும். கடைசிக் கட்டம் நிறையாவிட்டால் மிகுதி இடம் சூனியத்தால் நிரப்பப்படும். 1,300 பைட்டு நீளமுள்ள சிறு குறிப்பு ஒன்றை எடுத்துக்கொண்டால், அதற்கு மூன்று கட்டம் வேண்டும்; அவை 1,536 பைட்டு. தலைக்கட்டத்தையுஞ் சேர்த்தால் 2,048. எல்லாக் கோப்பும் முடிந்தபின் வெறுஞ் சூனியத்தாலான இரண்டு கட்டங்கள் வரும். ‘இத்துடன் முற்றிற்று’ என்று சுவடியின் ஈற்றில் எழுதுவார்களே, அதற்கு ஒப்பானவை அவை. இப்படிப் பார்த்தால் டார் எதனையும் சுருக்குவதில்லை. கட்டுவது மட்டுமே அதன் தொழில். சுருக்குவது வேறொரு கருவியின் வேலை. அது பின்னர் வரும்.

பொதியை ஆளும் கட்டளைகள் மூன்று. அவற்றைச் சுட்டியால் அழுத்தும் படங்களால் அன்றி, எழுத்தாலே தட்டச்சிட்டுக் கொடுப்பதே வழக்கம். ‘டார்’ என எழுதி ஓர் இடைவெளி விட்டு, ‘சி’ என்னும் எழுத்தை இட்டால் உண்டாக்கு என்பது பொருள். ‘ரி’ என்னும் எழுத்து, அட்டவணை காட்டு என்பது. ‘எக்ஸ்’ என்னும் எழுத்து, வெளியே எடு என்பது. இம்மூன்றில் எதனோடும் ‘எஃப்’ என்னும் எழுத்தைச் சேர்த்தால், அடுத்து வருவது பொதியின் பெயர் என்று கணினி கொள்ளும். அதன்பின் கட்டவேண்டிய கோப்புகளின் பெயர்கள். ‘வி’ என்னும் எழுத்தையும் சேர்த்தால், செய்வதையெல்லாம் வரி வரியாகச் சொல்லிக்கொண்டே செய்யும். இவ்வளவே இலக்கணம்.

எழுத்தாற் கட்டளையிடுவது முதலிற் கடினமாகத் தோன்றும். ஆயினும் வாசிகசாலை போன்ற இடத்துக்கு அது பொருந்தும் காரணம் ஒன்று உண்டு. கட்டளையை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைக்கலாம். இந்த வேலையைத் தொடங்கும் பிள்ளை உயர்தரம் முடித்துப் பல்கலைக்கழகத்துக்குப் போவாள். அல்லது கனடாவுக்குப் போவாள். அவளுக்குப் பின் வருபவன் அதே வரியை அதே எழுத்துகளோடு இட்டால், அதே பயன் விளையும். எந்தப் படத்தை எங்கே அழுத்தினாள் என்று தொலைபேசியிற் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

இந்த இலக்கணத்தில் ஒரு பொல்லாத இடம் இருக்கிறது. ‘எஃப்’ என்பதை அடுத்து வருவது பொதியின் பெயர் என்றோம். வாசிகசாலையில் ‘அறிக்கை 1964’, ‘அறிக்கை 1965’ எனப் பெயருள்ள இரண்டு கோப்புகளைக் கட்ட எண்ணியவர், பொதிக்குப் பெயர் கொடுக்க மறந்து, இவ்விரண்டு பெயர்களையும் மட்டும் எழுதிவிட்டார் எனக் கொள்க. கணினி முதற்பெயரைப் பொதியின் பெயராகக் கொள்ளும். அப்பெயரில் ஏற்கெனவே உள்ள கோப்பை அழித்து, அதன்மேல் 1965ஆம் ஆண்டு அறிக்கையைப் பொதியாகக் கட்டும். 1964ஆம் ஆண்டு அறிக்கை போய்விடும். கேள்வி கேளாது, எச்சரிக்கை செய்யாது. கட்டளை வரியின் பெருமையும் சிறுமையும் இதுவே. சொன்னதைச் செய்யும், எண்ணியதைச் செய்யாது. இதனால் மூலப்படங்கள் உள்ள இடத்திலே பொதி கட்டுவதைத் தவிர்த்து, அவற்றின் பிரதி ஒன்றை வைத்தே கட்டவேண்டும். அன்றி மூலங்களை மாற்றமுடியாதபடி உரிமையைப் பூட்டிவைக்க வேண்டும்.

இதற்கு எதிர்மாறாக, குனூ என்னும் கூட்டத்தார் எழுதிய டார் ஓரிடத்தில் மிக்க அச்சம் காட்டும். பொதியின் பெயரை மட்டுங் கொடுத்து, உள்ளே வைக்க ஒன்றும் கொடாமல் ‘சி’ என்றால், வெறும் பொதியை உண்டாக்கக் ‘கோழைத்தனமாக மறுக்கிறேன்’ என்று ஆங்கிலத்திலே விடை சொல்லும். நிரல் எழுதியவரின் நகைச்சுவை அது. ஆனால் அந்தக் கோழைத்தனத்தாலே தப்பிய பொதிகள் பல இருக்கும். அவிழ்க்க எண்ணி ‘எக்ஸ்’ என்னும் இடத்தில் ‘சி’ என்று தட்டச்சிடுவது யாருக்கும் நேரக்கூடிய பிழைதானே.

மூன்று தொழில்களுள் கட்டுதலையும் அவிழ்த்தலையும் எல்லோரும் செய்வர். நடுவிலுள்ள அட்டவணையைத்தான் பெரும்பாலோர் செய்வதில்லை. அதனாலே வரும் இடர்கள் பல. ஒரு பொதியை அவிழ்க்குமுன் ‘ரி’ இட்டுப் பார்த்தால், உள்ளேயுள்ள ஒவ்வொரு பெயரும் அதன் பாதையோடு வரிசையாகத் தோன்றும். எல்லாம் ஒரே கோப்புறைக்குள் அடங்கியிருக்கின்றனவா என்பதை அப்போது அறியலாம். உறையின்றி 6,000 படங்களை நேரடியாகக் கட்டிய பொதியை, வேறு கோப்புகள் நிறைந்த இடத்தில் அவிழ்த்தால், குலை உதிர்ந்த வாழைக்காய் போல எல்லாம் சிதறி, ஏற்கெனவே இருந்தவற்றோடு கலந்துவிடும். அதைவிட மோசமானது, ஒரே பெயருள்ள பழைய கோப்பு அங்கே இருந்தால், அவிழ்க்கப்படும் கோப்பு அதனை அழித்து அதன் இடத்தில் அமர்ந்துவிடும். ‘கே’ என்னும் எழுத்தைச் சேர்த்தால் பழையவற்றைத் தொடாது. புதிய வெறும் கோப்புறை ஒன்றை உண்டாக்கி, அதற்குள் நின்று அவிழ்ப்பது இன்னும் பாதுகாப்பானது.

இனிச் சுருக்குதல். ‘ஜீசிப்’ என்னும் கருவி 1992இல் வந்தது. டார் கட்டிய பொதி முழுவதையும் எடுத்து அது நெருக்கிச் சுருக்கும். ‘சிப்’ என்னும் முறை 1989இல் பில் கட்ஸ் என்பவரின் நிரலோடு பரவியது. அது ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியே சுருக்கிப் பின் ஒன்றாக வைக்கும். எதனைச் சுருக்குகிறோம் என்பதைப் பொறுத்தே பயன். தட்டச்சிட்ட தமிழ் உரை பெரும்பாலும் மூன்றிலொரு பங்குக்கும் கீழே சுருங்கும். வருடியபோதே சுருக்கி வைக்கப்படும் ஜேபெக் படங்களோ அசையா. பிழிந்த தேங்காய்ப்பூவை மறுமுறை பிழிவது போலத்தான். ஆகவே படங்கள் மட்டுமே உள்ள வாசிகசாலைப் பொதியைச் சுருக்காமலே விடுவது தக்கது.

சுருக்காமல் விடுவதற்கு வேறொரு காரணமும் உண்டு, அதுவே முதன்மையானது. வன்தட்டின் ஓரிடம் கெட்டுப்போனால் என்ன நேரும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். சுருக்காத டார்ப் பொதியில் நடுவே சில பைட்டு கெட்டால், கெட்ட இடத்தில் உள்ள ஒரு படமோ ஒரு தலைக்கட்டமோ மட்டும் போகும். அடுத்த தலைக்கட்டத்தைத் தேடி மீதியை எடுத்துக்கொள்ளலாம். அதே பொதியை ஜீசிப்பால் ஒன்றாகச் சுருக்கியிருந்தால், கெட்ட இடத்துக்குப் பிந்தியவற்றை மீட்பது மிகக் கடினம்; ஏனெனில் சுருக்கிய உரையில் ஒவ்வொரு பகுதியும் தனக்கு முன்வந்ததைச் சுட்டியே நிற்கிறது. சிப்பிலே கோப்புகள் தனித்தனி என்பதால் கேடு ஒரு கோப்போடு நின்றுவிடும். ஆனால் சிப் தன் பெயரட்டவணையைப் பொதியின் கடைசியில் வைக்கிறது. பிரதி செய்யும்போது மின்சாரம் நின்று பொதியின் வால் அறுந்தால், அட்டவணையும் அறும். பழுதுநீக்கும் கட்டளை கொண்டு மீட்க முயலவேண்டும். வால் அறுந்த டார்ப் பொதியோ, அறுந்த இடம் வரைக்கும் படிக்கப்படும். குறையில்லாத பொதி எதுவும் இல்லை. எந்தக் குறை தன் ஊருக்குப் பொறுக்கக்கூடியது என்பதையே தெரிய வேண்டியிருக்கிறது. மின்தடை கண்ட ஊர்க்கு, முன்னிருந்து பின்னாகப் படிக்கும் பழைய முறை பொருந்தும்.

தமிழ்ப் பெயர்களைப் பற்றிச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். ‘நீர்வேலி’ என்பது தமிழ் இலக்கணப்படி நான்கெழுத்து: நீ, ர், வே, லி. கணினியின் யுனிகோடு முறையில் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனி இடம் பெறுவதால் அது எட்டாகிறது: ந, ஈகாரக்குறி, ர, புள்ளி, வ, ஏகாரக்குறி, ல, இகரக்குறி. இவை ஒவ்வொன்றும் கோப்புப் பெயரில் மூன்று பைட்டு கொள்ளும்; ஆக மொத்தம் 24 பைட்டு. அதே ஊர்ப்பெயரை ஆங்கில எழுத்தில் எழுதினால் 8 பைட்டு போதும். தலைக்கட்டத்தில் பெயருக்கென விட்ட இடம் 100 பைட்டு என்று முன்னர் கூறப்பட்டது. ‘நீர்வேலி சனசமூக நிலையம் ஆண்டு அறிக்கை’ என்று ஒரு கோப்புக்குப் பெயரிட்டால், எழுத்தும் குறியுமாக 33, அவற்றுக்கு 99 பைட்டு, நான்கு இடைவெளிக்கு நான்கு, மொத்தம் 103. ஆண்டைக் குறிக்குமுன்னரே இடம் முடிந்துவிட்டது! 1988ஆம் ஆண்டுத் தரமுறை, கோப்புறைகளின் பாதைக்கெனத் தலைக்கட்டத்தில் மேலும் 155 பைட்டு ஒதுக்கியது. எனினும் ஒரு தனிப்பெயர் 100ஐக் கடக்க அதனாலும் ஆகவில்லை. 2001ஆம் ஆண்டுத் தரமுறையே, நீண்ட பெயர்களை மேலதிகத் தலைக்கட்டத்தில் எழுதும் வழியைத் திறந்தது. இன்றைய கருவிகள் நீண்ட பெயரை ஏற்கும். பழைய கருவியைக் கொண்டு அவிழ்ப்பவருக்கே பெயர் குறைப்பட்டுத் தோன்றும்.

அண்டை ஊரான கோப்பாயின் பெயரிலே இன்னொரு நுட்பம் மறைந்திருக்கிறது. ‘கோ’ என்னும் எழுத்தைக் கணினி இருவகையில் வைக்கலாம்: ககரத்தின் பின் ஓகாரக்குறியை ஒரே குறியாக வைப்பது ஒன்று; ஏகாரக்குறியையும் காலையும் இரண்டாகப் பிரித்து வைப்பது மற்றொன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. முதல்வகையில் ‘கோப்பாய்’ 24 பைட்டு. இரண்டாம் வகையில் 27. ஆப்பிள் கணினிகளின் பழைய கோப்பு முறை பெயர்களைப் பிரித்தே வைக்கும் இயல்புடையது. அங்கே கட்டிய பொதியை லினக்ஸ் கணினியில் அவிழ்த்து, ‘கோப்பாய்’ என்று தட்டச்சிட்டுத் தேடினால், திரையிலே கோப்பு தெரிந்துகொண்டிருக்கும்போதே ‘அப்படி ஒன்றும் இல்லை’ என்று விடை வரக்கூடும். சிப் முறைக்கோ, பெயர் யுனிகோட்டில் உள்ளது என்று தெரிவிக்கும் அடையாளம் 2006ஆம் ஆண்டிலேதான் அதன் வரையறையிற் சேர்ந்தது. அதற்கு முந்திய கருவிகளில் தமிழ்ப் பெயர்கள் பொருளற்ற குறிகளாய் மாறுவது வழக்கம். இலங்கையிலே நெடுங்காலம் வழங்கிய பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட ஆவணங்களைப் பற்றியும் ஒரு சொல். அவை உள்ளே ஆங்கில எழுத்துகளாகவே இருக்கும். அந்த எழுத்துரு உள்ள கணினியில் மட்டுமே தமிழாகத் தோன்றும். பொதி அந்த ஆங்கில எழுத்துகளை ஓர் எழுத்தும் பிசகாமற் காக்கும். தமிழைக் காப்பது அதன் பொறுப்பன்று. எழுத்துருவையும் அதே பொதியிற் சேர்த்துக் கட்டுவதும், ஆவணத்தை யுனிகோட்டுக்கு மாற்றிய பிரதியை அருகே வைப்பதும் கட்டுகின்றவரின் கடமை.

பெயர்த் தொல்லைக்கு ‘நூலகம்’ கண்ட வழி எளியது. அங்கே ஒவ்வொரு நூலும் ஓர் எண் பெறுகிறது. கோப்பும் அது இருக்கும் கோப்புறையும் அந்த எண்ணாலேயே பெயர் பெறுகின்றன. நூலின் பெயர், ஆசிரியர், ஆண்டு ஆகியவை பட்டியலில் தமிழிலே எழுதப்படுகின்றன. எண் எந்தக் கணினியிலும் மாறாது. ஏட்டின் ஓரத்தில் எண் எழுதிய பழையவர் கருத்தும் இதுவே. நீர்வேலி வாசிகசாலையும் தன் 40 நூல்களுக்கு எண் இட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு கோப்புறை வகுத்து, எந்த எண் எந்த நூல் என்பதைக் கூறும் பட்டியலை மேலுறைக்குள் ஒரு தனிக்கோப்பாக வைத்தல் நன்று. பட்டியலில் நூல் அச்சான ஆண்டையும் எழுதவேண்டும். தலைக்கட்டம் காட்டும் நேரம் வருடிய நாளே. 1964இல் அச்சான மலரென்று அதற்குத் தெரியாது.

இன்னுமொன்று எஞ்சியிருக்கிறது. தலைக்கட்டத்தில் உள்ள சரிபார்ப்புத் தொகை அந்தத் தலைக்கட்டத்தை மட்டுமே காவல் செய்கிறது. பெயரோ நீளமோ கெட்டால் டார் கண்டுபிடிக்கும். படத்தின் உள்ளே கேடு புகுந்தால் அதற்குத் தெரியாது. அட்டவணை முழுமையாக வந்தும், ஒரு பக்கத்தின் பாதி சாம்பல் நிறமாய்த் தோன்றக்கூடும். ஆகவே பொதி கட்டி முடிந்தவுடன் இரண்டு காரியம் செய்யவேண்டும். ஒன்று, ‘சி’ இருந்த இடத்தில் ‘டி’ இட்டு, பொதியில் உள்ளவற்றை மூலங்களோடு ஒப்பிடச் செய்வது. வேறுபாடு இருந்தால் குனூ டார் பெயரோடு சொல்லும். மற்றொன்று, ‘எஸ்எச்ஏ 256’ என்னும் கணக்கீட்டைப் பொதியின்மேல் ஓட்டுவது. பொதி எவ்வளவு பெரிதாயினும் விடை 64 எழுத்துகளே. உள்ளே ஒரு பைட்டு மாறினாலும் அவ்விடை அடையாளம் தெரியாதபடி மாறும். அந்த 64 எழுத்தைப் பொதிக்கு வெளியே, குறிப்பேட்டிலும் வேறொரு கோப்பிலும் எழுதிவைத்தால், பத்தாண்டு கழித்து ரொறன்ரோவிலே பொதியைப் பெறுபவரும் அதே கணக்கை ஓட்டி, நீர்வேலியிற் கட்டியது கெடாமல் வந்ததா என்று தாமே அறிவார்.

பிரதிகள் ஒரே வீட்டில் இருத்தலாகாது என்பதை இப்பகுதி மக்களுக்கு எவரும் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பொதி வாசிகசாலையிலும், ஒன்று வேறூரிலும், ஒன்று கடல் கடந்தும் இருக்கட்டும். ஆண்டுக்கொருமுறை அவற்றுள் ஒன்றை எடுத்து, முதலில் 64 எழுத்தை ஒப்பிட்டு, பின் ‘ரி’ இட்டு, வரும் வரிகளை எண்ணும் ‘டபிள்யூசி’ என்னும் சிறு கட்டளைக்குக் கொடுக்க வேண்டும். பக்கங்கள் 6,000, நூலுக்கொன்றாகக் கோப்புறைகள் 40, மேலுறை ஒன்று, பட்டியல் ஒன்று, ஆக வரவேண்டிய தொகை 6,042. முதன்முதல் பொதி கட்டிய அன்றைக்கும் இதே எண்ணிக்கையைப் பார்த்தே எழும்ப வேண்டும். 6,041 என்று வந்தால், விடுபட்டது எந்த நூலின் எத்தனையாம் பக்கம் என்பதை அட்டவணை காட்டிவிடும்; மூலத்தாள் அலமாரியில் இருக்கும் அன்றைக்கே அந்தப் பக்கத்தை மீண்டும் வருடிவிடலாம்.